விடியற்காலை ஈடு: கம்பம் பள்ளத்தாக்கில் இடியாப்பமும் கஞ்சியும்

பினாங்கிலிருந்து ஊர் பார்க்க வந்த சித்தப்பா, உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டில் தங்கிய முதல் நாள் காலை எட்டரை மணிக்கு எழுந்து பல் தேய்த்துவிட்டு வந்து, "லேசா ஏதாச்சும் கிடைக்குமாப்பா? சீ சியோங் ஃபன், போரிட்ஜ் மாதிரி?" என்று கேட்டார். அவர் பிறந்து வளர்ந்த ஊரில் காலைச் சாப்பாடு என்றால் அதுதான். அரிசி மாவுக் கரைசலை மெல்லிய தாளாக ஆவியில் வேகவைத்து, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கி, மேலே கறுத்த இறால் விழுதுச் சாறும் வறுத்த எள்ளும் போட்டுக் கொடுப்பார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சி. தென்சீனத்தின் கான்டன் வட்டாரத்திலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் கையோடு கொண்டுபோன பலகாரம் அது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் பலருக்கும் இன்று வீட்டுச் சாப்பாடு மாதிரி.

"கிடைக்கும் சித்தப்பா. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு முடிஞ்சு போச்சு" என்றேன். எட்டரை மணிக்கு முடிந்துபோகும் சாப்பாடா என்று அவருக்கு ஆச்சரியம். மறுநாள் ஐந்தரைக்கு எழுப்பினேன்.

அவரைப் போல, ஆவியில் வெந்த அரிசியும் சூடான கஞ்சியும் தேடி இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்களுக்காகவே இந்த அத்தியாயம். சீனக் கடையைத் தேடி அலையாதீர்கள். தேனியிலோ கம்பத்திலோ பலகையில் 'சைனீஸ்' என்று இருந்தால், அது சாயங்காலம் வாணலியில் வறுக்கும் ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும்தான். கான்டன் மக்களின் காலைப் பலகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவுக்குள்ளேயே சீனர்கள் கையால் செய்த காலைச் சாப்பாடு வேண்டுமென்றால் கொல்கத்தாவின் திரெட்டா பஜாருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியலில் போக வேண்டும். அங்கே நடைபாதையில் ஆவியில் வெந்த பன்னும் மீன் உருண்டை சூப்பும் விற்பார்கள். நம் பள்ளத்தாக்கில் இருப்பது அதன் தூரத்து உறவு. அரிசி, ஆவி, துணி, கஞ்சிப் பானை என்று கருவிகள் அதேதான். அதைச் சாப்பிட ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அது நேரம்.

ஜீப் கிளம்பும் முன்

இந்தப் பக்கத்துக் கடைகளின் கடிகாரத்தை ஏலக்காய்த் தோட்டங்கள்தான் ஓட்டுகின்றன. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி என்று ஊர் ஊராகப் பெண்கள் விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு தெருமுனையில் வந்து நிற்பார்கள். ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகள் வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்கு ஏறும். வேலை முடித்துச் சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வருவார்கள். ஆண்டு முழுவதும் நடக்கும் இந்தப் போக்குவரத்துக்காகவே பல கடைகளில் நாலு மணிக்கு அடுப்பு பற்றுகிறது. கூடவே வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் போகிறவர்கள், காய்கறி லாரிக்காரர்கள், சுபுஹுத் தொழுகை முடித்து வெளியே வரும் பெரியவர்கள்.

அதனால் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் போனால் நல்லது. ஏழரைக்குப் போனாலும் கிடைக்கும், ஆனால் கடைசி ஈடாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் அதே கடை வேறு கடையாகிவிடும்: தோசைக்கல் சூடேறும், பூரிக்கு எண்ணெய் காயும், இடியாப்பக் கூடை கவிழ்ந்து கிடக்கும். நானே பல வருடம் முன்பு வெளியூர் நண்பர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஒன்பதரைக்குப் போய், கூடையின் அடியில் ஒட்டிக்கிடந்த காய்ந்த இடியாப்பத்தை வாங்கிக் கொடுத்து, 'இதற்காகவா இவ்வளவு பேசினாய்' என்ற அவர்கள் பார்வையைத் தாங்கியிருக்கிறேன். தவறு கடையுடையது இல்லை. காலம் தாழ்த்திப் போனது நான்.

'ஈடு' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கொப்பரையில் வைத்து இறக்கும் அளவு ஓர் ஈடு. கடையில் நுழைந்ததும் "அடுத்த ஈடு எப்பக்கா?" என்று கேளுங்கள். "இந்தா, இறக்கப் போறேன், உக்காருங்க" என்றால் உட்காருங்கள். "இருக்கறதைச் சாப்பிடுங்க" என்றால், அவசரமில்லாவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டுக் காத்திருப்பதே மேல். வெந்த அரிசி மாவுக்கு ஆயுள் குறைவு. சூடாக இருக்கும்போது மாவில் உள்ள மாச்சத்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மிருதுவாக இருக்கும்; ஆற ஆற அது மறுபடி இறுகி, நீரைக் கக்கி, நார்போல் ஆகிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். இட்லியைக்கூடச் சாயங்காலம் உதிர்த்து உப்புமா ஆக்கலாம். இடியாப்பத்துக்குக் கால் மணி நேரம்தான் சொர்க்கம்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து அகல ரயில்பாதை 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் வந்துசேர்ந்தது. சென்னை ரயிலில் வந்து தேனியில் இறங்கும்போது பொழுது நன்றாக ஏறியிருக்கும். அன்றைக்கு ஈடு கிடைக்காது. இரவுப் பேருந்தில் வந்தால் விடியலில் இறங்கலாம். தேனியிலிருந்து கம்பம் சுமார் 40 கிலோமீட்டர். வழியில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். எந்த ஊரில் இறங்கினாலும் பேருந்து நிலையத்தை விட்டு இரண்டு தெரு உள்ளே நடந்துவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய ஓட்டல்கள் சபரிமலை வண்டிகளுக்கும் தேக்கடிச் சுற்றுலா வண்டிகளுக்கும் ஆனவை. அங்கே எல்லாம் நாள் முழுக்கக் கிடைக்கும், ஆகவே இது கிடைக்காது.

கடையை எப்படிக் கண்டுபிடிப்பது

பலகையைப் பார்க்காதீர்கள். ஆவியைப் பாருங்கள். நல்ல கடையில் கொப்பரை வாசலிலேயே இருக்கும், தெருவிளக்கு வெளிச்சத்தில் வெள்ளைப் புகையாக ஆவி எழும்பும். பெரும்பாலும் வீட்டுத் திண்ணையோ, முன்னறையோதான் கடை. இரண்டு பெஞ்சு, ஒரு அண்டாவில் தண்ணீர், சுவரில் சாமி படமோ மக்கா படமோ. பெயர்கூட இருக்காது. அக்கா கடை, பாய் கடை, கிழவி கடை என்று ஆளைச் சொல்லித்தான் அடையாளம். ஆட்டோக்காரரிடமும் ஜீப் டிரைவரிடமும் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

கொப்பரைக்குள் எட்டிப் பார்க்க முடிந்தால் பாருங்கள். நம் தென்மாவட்டக் கடைகளில் இன்னும் இட்லியைத் துணியில்தான் ஊற்றுகிறார்கள். குழித்தட்டின்மேல் நனைத்துப் பிழிந்த துணி, அதன்மேல் மாவு. வெந்ததும் தட்டோடு தூக்கிக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து, ஓர் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தால் இட்லி மேல் துணியின் நெசவு பதிந்திருக்கும். சித்தப்பா இதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். கான்டனீஸ்காரர்களின் பழைய முறையும் இதுவே. தட்டையான ஆவிப்பெட்டியில் ஈரத்துணி விரித்து, அரிசிக் கரைசலைக் கரண்டியால் பரப்பி, மூடி, ஓரிரு நிமிடத்தில் துணியோடு தூக்கி எண்ணெய் தடவிய மேசையில் கவிழ்த்து உரித்துச் சுருட்டுவார்கள். இப்போது பல இடங்களில் துணிக்குப் பதில் இழுப்பறைபோன்ற உலோகத் தட்டுகள் வந்துவிட்டன. துணியில் செய்ததே மேல் என்று தேடிப் போகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. தட்டில் வெந்த இட்லியின் அடியில் நீர் கோத்து ஒரு வழவழப்பு வரும். துணி அந்த நீரைக் குடித்துவிடுகிறது.

இடியாப்பத்துக்கு வருவோம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, இடித்தோ அரைத்தோ சலித்து, வாசம் வரும்வரை வறுத்த மாவு. அதில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, அச்சில் போட்டுப் பிழிந்து, ஏழெட்டு நிமிடம் ஆவியில் வைக்கிறார்கள். மாவுக்குப் பழைய அரிசிதான் நல்லது. புத்தரிசியில் பிசுபிசுப்பு அதிகம், இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சீனச் சுருளுக்கும் நாள்பட்ட அரிசியையே விரும்புகிறார்கள். ஒரே தானியத்தை ஆவியில் வைக்கிறவர்கள் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள்.

தட்டில் வந்ததும் ஓர் இழையை விரலால் தூக்கிப் பாருங்கள். மற்ற இழைகளை இழுக்காமல் தனியே எழும்ப வேண்டும். நடுவில் அழுத்தினால் மாவு வாசம் இல்லாமல் வெந்த வாசம் வர வேண்டும். ஓரம் கண்ணாடிபோல் விறைத்திருந்தால் முந்தைய ஈடு. எண்ணெய் மினுமினுப்பு அதிகமிருந்தால், பிசையும்போது ஒட்டாமலிருக்க எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருக்கிறார்கள். கெடுதல் இல்லை, ஆனால் தேங்காய்ப்பால் இழைக்குள் இறங்காது.

எதைத் தொட்டுக்கொள்வது

இரண்டு வழி உண்டு. இனிப்பென்றால் தேங்காய்ப்பாலும் சீனியும். முதல் பால் கெட்டியாகக் கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம். கடையில் துருவிய தேங்காயும் சீனியும் மட்டும் இருந்தால் அதுவும் நல்ல சாப்பாடே. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'புட்டு மாயம்' என்று தேங்காய்த் துருவலும் பனைவெல்லமும் வைத்து விற்பது நம் இடியாப்பத்தைத்தான். அந்த ருசி பழகியவர்கள் இங்கே கருப்பட்டி கேட்டுப் பாருங்கள். சில வீட்டுக்கடைகளில் நசுக்கிக் கொடுப்பார்கள்.

காரமென்றால், என் தேர்வு கம்பம், உத்தமபாளையம் ராவுத்தர் தெருக்களில் கிடைக்கும் பாயா. ஆட்டுக்காலை இரவு முழுக்க மெல்லிய தீயில் வேகவிட்டு, மிளகும் சோம்பும் தேங்காயும் அரைத்துச் சேர்த்த தண்ணியான ஆணம். குழம்பை அந்தத் தெருக்களில் ஆணம் என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள். இடியாப்பத்தின்மேல் ஊற்றி ஒரு நிமிடம் ஊறவிட்டுப் பிறகு கை வையுங்கள். காலிலிருந்து இறங்கிய பசை இழைகளைப் பூசிக்கொள்ளும், உதடு லேசாக ஒட்டும். அப்படி ஒட்டவில்லையென்றால் கால் போதாது, தண்ணீர் அதிகம்.

குடல் குழம்பு கிடைக்கும் நாளில் அதையும் விடாதீர்கள். சித்தப்பா இதற்கு ஒரு சுவையான செய்தி சொன்னார். 'சியோங்' என்றால் குடல். சுருட்டி வைத்த வெள்ளைச் சுருள் பன்றிக்குடல்போல் இருப்பதால் அந்தப் பெயர். உள்ளே குடல் எதுவும் இருக்காது. இங்கே அரிசிப் பலகாரத்தோடு உண்மையான குடலையே சேர்த்துக் கொடுக்கிறார்களே என்று சொல்லி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குருமா என்று சொல்வதில் சில கடைகளில் எலும்புச் சாறு கலந்திருக்கும். "அக்கா, நான் சைவம், எதை ஊத்தலாம்?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். கார்த்திகை தொடங்கித் தை வரை ஐயப்ப பக்தர்கள் இந்த வழியாகப் போகும் காலத்தில் சில கடைகள் முழுச் சைவத்துக்கு மாறிவிடும். அந்த மாதங்களில் வழக்கமாக மலை ஏறும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் திருப்பிவிடுவார்கள் என்பதால், விடியலில் கூடலூர்ப் பக்கம் கடை தேடிப் போகிறவர்கள் நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சி

ஆங்கிலத்தில் இன்று உலகம் முழுவதும் சீனக் கடைப் பட்டியல்களில் அச்சிடும் 'காஞ்ஜி' என்ற சொல் நம் கஞ்சிதான். போர்ச்சுக்கீசியர் வாய்வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. கார்சியா த ஓர்ட்டா என்ற போர்ச்சுக்கீசிய மருத்துவர் 1563-இல் கோவாவில் அச்சிட்ட மூலிகை நூலில், மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரை நோயாளிக்குக் கொடுப்பதைக் குறிப்பிட்டு, அதன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார். காய்ச்சல் வந்தால் எங்கள் வீட்டில் இன்றும் அதே மிளகு, அதே சீரகம். கான்டனீஸில் அதன் சொந்தப் பெயர் 'ஜூக்'.

இரண்டும் ஒரே பதம் இல்லை என்பதை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூக்கில் அரிசியைப் பத்து மடங்கு தண்ணீரில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, பருக்கை உடைந்து பாலேடுபோல் ஆனபிறகு இறைச்சியோ மீனோ பதப்படுத்திய கறுப்பு முட்டையோ சேர்ப்பார்கள். நம் ஊர்ச் சாதாரண நொய்க்கஞ்சியில் பருக்கை தெரியும், உப்பு மட்டும் இருக்கும், ருசி முழுவதும் தொடுகறியில். துவையல், சுட்ட அப்பளம், ஊறுகாய், கருவாடு. கூடலூர் தாண்டிக் குமுளிக்கு ஏறிவிட்டால் சிவந்த குத்தரிசிக் கஞ்சியும் பயறும். அங்கே கடைக்காரரை அண்ணே என்றாலும் சேட்டா என்றாலும் திரும்பிப் பார்ப்பார்.

ஜூக்கின் பதமும் கனமும் தேடுகிறவருக்கு இந்தப் பள்ளத்தாக்கு வைத்திருக்கும் பதில் நோன்புக் கஞ்சி. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன், தமிழ்நாட்டில் இதற்கு மேல் ஒரு கஞ்சி இல்லை. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, வெங்காயம், தக்காளி, புதினா, மல்லி, கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால். பெரிய தேக்சாக்களில் மதியமே ஏற்றி, ஆள் மாற்றி ஆள் நின்று துடுப்பால் அடிபிடிக்காமல் கிண்டுவார்கள். ரமலான் மாதத்தில் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, பெரியகுளம் என எல்லா ஊர்ப் பள்ளிவாசல்களிலும் அஸர் தொழுகைக்குப் பிறகு வாங்கலாம். கஞ்சிக்கென்று தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கிவருகிறது. தெருவில் இருக்கும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள், எந்தச் சாமியைக் கும்பிடும் வீடு என்று யாரும் கேட்பதில்லை. நான் அந்த வரிசையில் வளர்ந்தவன்.

வெளியூர்க்காரர்களும் தயங்காமல் போகலாம். பாத்திரம் நீங்களே கொண்டுபோக வேண்டும், மூடியோடு. பள்ளிவாசல் வாசலில் செருப்பை வழியில் விடாமல் ஓரமாக விடுங்கள். "பாய், கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா?" என்று கேட்டால் போதும். காசு கேட்க மாட்டார்கள். கொடுக்க நினைத்தால் உண்டியல் இருக்கும். அங்கேயே நின்று குடிக்காதீர்கள்: சுற்றிலும் இருப்பவர்கள் விடியலிலிருந்து தண்ணீர்கூடத் தொடாதவர்கள். வீட்டுக்கோ அறைக்கோ கொண்டுபோய், முடிந்தால் பாங்கு சொல்லும்வரை காத்திருந்து, பக்கத்துக் கடையில் இரண்டு வடை வாங்கி வைத்துக்கொண்டு குடியுங்கள். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். பயணத்தை முடிவுசெய்யும் முன் பிறைக் காலண்டரைப் பாருங்கள்.

மற்ற மாதங்களில்? உளுந்தங்கஞ்சி தேடுங்கள். உளுந்தும் அரிசியும் பூண்டும் வெந்தயமும் தேங்காயும் சேர்ந்தது, சில இடத்தில் கருப்பட்டியோடு. சாயங்காலம் மணியடித்துக்கொண்டு வரும் தள்ளுவண்டியில் பருத்திப்பால் இருக்கும். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசிமாவு கலந்து காய்ச்சி, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய் சேர்த்தது. மதுரைச் சீமை முழுவதும் உள்ள பானம்தான், என்றாலும் ஏலக்காய் மலையடிவாரத்தில் குடிக்கும்போது அந்த வாசம் கொஞ்சம் தூக்கலாக இருப்பதாக எனக்கு ஒரு நம்பிக்கை. கெட்டியாக இருப்பதால் ஒரு டம்ளர் போதும்.

கோடையில் ரோட்டோரக் கேப்பைக்கூழும் கம்பங்கூழும் எங்கும் உண்டு. மோர்மிளகாய், கொத்தவரை வற்றல், சின்ன வெங்காயம், மாங்காய்க் கீற்று. வெயிலில் அலைந்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் கூழ் கரைக்கும் தண்ணீர் கொதிக்கவைத்ததல்ல. வெளிநாட்டிலிருந்து முதல் வாரத்தில் வருகிறவர்களும் சிறுபிள்ளைகளும் அதைத் தவிர்த்துச் சூடான கஞ்சிக்குப் போவது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இடியாப்பமும் வெள்ளரிசிக் கஞ்சியும் இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். மூன்றுக்கு மேல் இடியாப்பம் வேண்டாம், தேங்காய்ப்பாலுக்குச் சீனி வேண்டாம், பயறோ முட்டையோ பாயாவோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தபிறகு

இடம் பிடிக்கும் வழக்கமில்லை. பெஞ்சில் யார் பக்கத்தில் இடம் இருந்தாலும் "கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே" என்று உட்காரலாம். ஹாங்காங்கிலும் முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்வது சாதாரணம், ஆகவே சித்தப்பாவுக்கு அது புதிதாக இல்லை. இலை போட்டதும் அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. கான்டனீஸ் கடைகளில் முதலில் வரும் சூடான தேநீரை ஊற்றிக் கிண்ணத்தையும் குச்சிகளையும் அலசுவார்களாம். அதே பழக்கத்தில் டம்ளர் தண்ணீரை இலையில் தெளித்துத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் இருந்த எல்லோரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

ஜீப்புக்கு நிற்கும் பெண்கள் வந்தால் அவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரம்மாவே அப்படித்தான் செய்வார், நீங்கள் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும். அவர்களுக்கு வண்டி போய்விட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், ஆவியை எடுங்கள், கொப்பரையை எடுங்கள், வேலைக்குப் போகும் பெண்கள் முகத்தை விட்டுவிடுங்கள்.

எத்தனை சாப்பிட்டீர்கள் என்று நீங்களே எண்ணிச் சொல்ல வேண்டும். யாரும் சீட்டு எழுதுவதில்லை. "அஞ்சு இடியாப்பம், ஒரு பாயா, ஒரு டீ" என்று சொன்னால் கூட்டிச் சொல்வார். ஜிபே அட்டை பல கடைகளில் தொங்குகிறது, ஆனாலும் விடியலில் சில்லறை வைத்திருங்கள், தள்ளுவண்டிகளில் கட்டாயம். டிப்ஸ் வைத்தால் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். "ரொம்ப நல்லாருந்துச்சுக்கா" என்பதை அடுப்பின் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள், அதை அவர்கள் வைத்துக்கொள்வார்கள்.

தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் வெளிச்சம் வந்திருக்கும். உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ ஊர் எல்லையைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் வயல். மேற்கே மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை, கர்னல் ஜான் பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பியது. அந்தத் தண்ணீரில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அணையில் தண்ணீர் இருக்கும் வருடங்களில் ஜூன் முதல் தேதி மதகு திறப்பதுதான் முறை. ஜூன் பாதியில் வந்தீர்களானால் நாற்றங்காலைப் பார்க்கலாம், அக்டோபர் வாக்கில் முதல்போக அறுப்பு. தை முதல் நாள் இங்கே பென்னிகுவிக் படத்துக்கும் பொங்கல் வைப்பார்கள். லோயர் கேம்பில் அவருக்கு 2013-இல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. தேனியின் புதிய பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். கஞ்சிப் பானையில் ஏறும் அரிசி எல்லாமே இந்த வயலுடையது என்று சொல்ல முடியாது, வெளியூர் மூட்டையும் வருகிறது. ஆனாலும் வறண்டு கிடந்த ஒரு பள்ளத்தாக்கில் அரிசிப் பலகாரம் ஏழை வீட்டுக் காலைச் சாப்பாடாக ஆனது அந்தத் தண்ணீரால்தான். சித்தப்பாவின் பாட்டனார் கப்பலேறும்போது இந்த வட்டாரத்தில் சோறு என்பது விசேஷ நாளுக்கானது, மற்ற நாளெல்லாம் கேப்பையும் சோளமும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

திரும்பிப் போகும்போது

பார்சல் வாங்குவதானால் இலையில் கட்டச் சொல்லுங்கள். இடியாப்பமும் ஆணமும் தனித்தனியாக. அரைமணிக்குள் சாப்பிட முடியாதென்றால் வாங்காதீர்கள். ஆறிப்போனதை மறுபடி ஆவியில் மூன்று நிமிடம் காட்டினால் பாதி உயிர் வரும். மைக்ரோவேவில் வைப்பதானால் மேலே நீர் தெளித்து மூடி வையுங்கள், இல்லாவிட்டால் வயராகிவிடும்.

கொண்டுபோக வேண்டியது மாவு. எந்த ஊரிலும் மாவு மில்லில் இடியாப்ப மாவு கேட்டால் கிடைக்கும். பாக்கெட்டில் அடைத்து நாளானதை விட, அன்று அரைத்ததைக் கேட்டு வாங்குங்கள். வறுத்ததா, வறுக்காததா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வறுக்காத மாவு பினாங்கு வெக்கையில் ஒரே மாதத்தில் வண்டு வைக்கும். மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். அதைச் சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது. ஒரு வேட்டியை விரித்து அதில் பரப்பி, மின்விசிறி போடாமல், ஒரு ராத்திரி ஆறவிட்டுக் கட்டுங்கள். சித்தப்பா நாலு கிலோ கொண்டுபோனார். அச்சு ஒன்றும் வேண்டுமென்றார். கம்பம் பஜாரில் பித்தளையில் வாங்கினோம், ஒரு ரெட்டைக் கண் தட்டும் மாற்றுத் தட்டும் சேர்த்து.